என் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்

முப்பத்தொரு வயதில் எனக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ள வேண்டிவந்தது. நிஜத் துப்பாக்கி இல்லை, கம்ப்யூட்டர் விளையாட்டில் வருவது. காரைக்காலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை, வீடு என்று இருந்தவளை அதில் இறக்கிவிட்டது என் கல்யாணம்தான்.

கல்யாணமான ஐந்தாம் மாதம் என் கணவர் பிரான்சுக்குப் போனார். அவருக்குப் பிறப்பிலேயே அந்த நாட்டுக் குடியுரிமை. மாமனாரும் மாமியாரும் அதற்கு முன்பே போய் அங்கே மகள் வீட்டில் இருந்தார்கள். எனக்கு மட்டும் விசாப் பேப்பர் வரவேண்டும். வரும் வரை அந்த வீட்டை நான் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. மாமனாரின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் இன்னும் அதைச் சொல்தா வீடு என்றுதான் சொல்கிறார்கள். ஆறு அறை. நான் புழங்குவது இரண்டு. மீதி நான்கையும் சனிக்கிழமைதோறும் திறந்து பெருக்கி, யாரும் படுக்காத மெத்தையைத் தட்டிப் போட்டு, மறுபடி பூட்டிவிடுவேன்.

தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "பேப்பர் வந்துச்சா?" முதல் வருடம் சிரித்துக்கொண்டே இல்லை என்றேன். இரண்டாம் வருடம் சிரிக்காமல் சொன்னேன். அப்புறம், அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையை ஆட்டப் பழகிவிட்டேன். கருக்களாச்சேரியிலிருந்து ஞாயிறு காலையில் மீன் கொண்டுவரும் அக்கா மட்டும் பேப்பரைப் பற்றிக் கேட்க மாட்டார். கூடையை இறக்கிவைத்துவிட்டு, "ஒத்த ஆளுக்கு என்னத்தம்மா நிறுக்கிறது, ரெண்டு சங்கரா எடுத்துக்க" என்பார். அது அதைவிட வலித்தது.

தினமும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். சாப்பிட்டீங்களா, குளிருதா, பேப்பர் என்னாச்சு. மூன்று கேள்வியில் எங்கள் குடித்தனம் முடிந்துவிடும். அவர் ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை பார்த்தார். பேசும்போதே கொட்டாவி விடுவார். நானும் இரண்டு முறை கொட்டாவி விட்டேன், சண்டைக்காக.

அப்படி ஒரு நாள்தான் சொன்னார்: "ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு நான் கேம் ஆடுவேன். என் பழைய கம்ப்யூட்டர் அங்கதானே சும்மா கிடக்குது. வேணும்னா நீயும் வாயேன். ரெண்டு ரெண்டு பேரா ஆடுறதுதான்."

பெட்டியில் வைக்க முடியாது என்று அவர் விட்டுப்போன கம்ப்யூட்டர் அது. ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்திருந்தேன். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழுத்தி, விளையாட்டை இறக்கி, ஹெட்போனை மாட்டினேன். இடிந்த கட்டடங்கள் உள்ள ஏதோ ஓர் ஊரில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அவருடைய ஆள் திரும்பி என் ஆளைப் பார்த்தது. "என் பின்னாடியே வா. எடது பக்கம் பாத்துக்க. நான் இருக்கேன்," என்றது ஹெட்போனில் அவர் குரல். அவர் மூச்சு விடுவது கேட்டது. அவர் போனதிலிருந்து என்னை யாரும் பின்னாடியே வா என்று கூப்பிட்டதில்லை. நான் அரை நிமிடத்தில் செத்துப்போனேன், ஆனால் அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதன்பிறகு என் வாரம் முழுவதும் ஞாயிறை நோக்கியே நகர்ந்தது. அங்கே பத்து மணி என்றால் இங்கே மதியம் இரண்டரை. வருடத்தில் பாதி நாள் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள், அப்போது ஒன்றரை. பூசை முடிந்து வந்து, மீனைக் கழுவிக் குழம்பு வைத்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் உட்கார்ந்துவிடுவேன். அவர்கள் கடிகாரத்தைத் திருப்பினால் என் மதியச் சாப்பாடு நகரும். அதை நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

குறை என் கையில்தான் இருந்தது. திரையின் நடுவே பச்சை நிறத்தில் சின்னக் கூட்டல்குறி ஒன்று இருக்கும். எதிரியின் தலைமேல் அதைக் கொண்டுபோய் வைத்து மவுஸை அழுத்த வேண்டும். சொல்ல எளிது. நான் கொண்டுபோவதற்குள் அவன் சுட்டுவிடுவான். சில சமயம் நான்தான் முதலில் அழுத்தினேன் என்று சத்தியம் செய்வேன், ஆனாலும் விழுந்து கிடப்பது நானாக இருக்கும். அதைவிடக் கொடுமை, ஓடிவந்து சுவருக்குப் பின்னால் முழுசாக ஒளிந்துகொண்ட பிறகும் சாவேன். "நான் ஒளிஞ்சுட்டேங்க, சுவத்துக்குப் பின்னாடிதான் இருந்தேன்," என்பேன். "லேட்டா ஒளிஞ்சிருப்ப. ப்ராக்டிஸ் பண்ணு," என்பார்.

எங்கள் அம்மா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லுவாள்: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மார்க் குறைந்தால், சோறு குழைந்தால், தையல் பிரிந்தால், நான் வாயைத் திறந்து காரணம் சொல்வதற்குள் அந்தக் கூடத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். அதைக் கேட்டே வளர்ந்தவள் நான். அதனால் மவுஸையோ கம்ப்யூட்டரையோ குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. கையைத்தான் சொன்னேன்.

ஒன்றேகால் வருடம் போனது. நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்ததால் அவருடைய ரேங்க் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் மெதுவாக ஆரம்பித்தார்.

"கோச்சுக்காத. கூட வேலை பாக்குற ஒருத்தன் நல்லா ஆடுறான். பொங்கலுக்கு அப்பறம் அவன்கூட ஆடலாம்னு பாக்குறேன்."

"அப்ப நான்?"

"நீயும் லைன்ல இரு. சும்மா பேசிக்கிட்டு இருக்கலாம்ல?"

எனக்குத் தெரியும், சும்மா பேசுவது என்றால் என்ன என்று. சாப்பிட்டீங்களா, குளிருதா, பேப்பர் என்னாச்சு. அவர் இன்னொருவனைப் பார்த்துப் பின்னாடியே வா என்று சொல்லுவார், நான் அதைக் கேட்டுக்கொண்டு மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருப்பேன். பொங்கலுக்கு மூன்று மாதம் இருந்தது. "அதுக்குள்ள நான் தேறிட்டா?" என்றேன். "தேறிட்டா நீதான்," என்றார்.

வைராக்கியம் என்று ஒன்று இருக்கிறதே, அது எனக்குக் கொஞ்சம் அதிகம். வேலையிடத்தில் வீணாகக் கிடந்த ஒரு பதிவேட்டை எடுத்துவந்தேன். கோடு போட்டு, தேதி, முயற்சி, அளவு என்று எழுதினேன். இணையத்தில் ஒரு சோதனை இருக்கிறது: திரை சிவப்பாக இருக்கும், பச்சையானதும் அழுத்த வேண்டும், எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டோம் என்று ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக் கணக்கில் சொல்லும். மாலை வேலை முடிந்து வந்ததும் இருபது முறை அழுத்துவேன். மிக அதிகத்தையும் மிகக் குறைவையும் அடித்துவிட்டு மீதிக்குச் சராசரி போடுவேன். முதல் நாள் இருநூற்றுத் தொண்ணூறு. ரத்தச் சோதனை என்றால் அதற்கு நேராகச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன்.

கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. மவுஸின் வேகத்தை ரொம்பக் கூட்டிவைத்திருந்தேன், விரல் அசைந்தாலே குறி பறந்துவிடும். அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன். குறைத்ததும் மணிக்கட்டால் ஆட்ட முடியவில்லை, முழங்கையிலிருந்து கை முழுவதையும் நகர்த்த வேண்டியிருந்தது. அதற்கு இடம் வேண்டும் என்று மேசையிலிருந்த போட்டோக்களை எல்லாம் எடுத்து அலமாரியில் வைத்தேன். எங்கள் கல்யாணப் போட்டோவும் அதில் ஒன்று. பெரிய மவுஸ் பேட் வாங்கி அதில் கையைத் தேய்த்துத் தேய்த்து, முழங்கைக்குக் கீழே கறுத்துவிட்டது.

மைக்ராஸ்கோப் பழக்கம் ஒரு விதத்தில் உதவியது, ஒரு விதத்தில் கெடுத்தது. ரத்தத்தில் செல் எண்ணும்போது கண் ஒரு மூலையில் தொடங்கி, ஏர் ஓட்டுவதுபோலப் போய்த் திரும்பி வரவேண்டும், ஒன்றையும் விடக் கூடாது, ஒன்றை இரண்டு முறை எண்ணவும் கூடாது. விளையாட்டிலும் நான் அறைக்குள் நுழைந்ததும் இடது மூலையிலிருந்து ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு வருவேன். வலது மூலையில் இருப்பவன் அதுவரை காத்திருப்பானா? அந்தப் பழக்கத்தை உடைக்க ஒரு மாதம் ஆனது. ஆனால் மைக்ராஸ்கோப்பின் திருகை மயிரிழை அளவு திருப்பிப் பழகிய விரல், பொம்மை எதிரிகளை வைத்துப் பயிற்சி செய்தபோது நன்றாகவே நின்றது. ஆள் வருவதற்கு முன்பே, வரப்போகும் இடத்தில் தலை உயரத்தில் குறியை வைத்துக் காத்திருக்கவும் பழகினேன். காத்திருப்பதில் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாம் மாதம் சராசரி இருநூற்றுப் பதினான்கு. பயிற்சி அறையில் நூற்றுக்குத் தொண்ணூறு பொம்மைகள் விழுந்தன. ஞாயிறு வரும். அவரோடு அந்த இடிந்த ஊருக்குள் இறங்குவேன். பழையபடி சாவேன்.

"என்னடி, இன்னும் அப்படியேதான் இருக்க," என்றார் ஒருமுறை. திட்டவில்லை, அலுத்துக்கொண்டார். ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு, பூட்டிய நான்கு அறைகளில் ஒன்றைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து அழுதேன். புழங்கும் அறையில் அழுதால் அது அங்கேயே தங்கிவிடும் என்று ஒரு பயம்.

பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு காலை, வேலையிடத்தில் வந்தவர்களுக்கெல்லாம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு என்று மெஷின் சொன்னது. காரைக்கால்மேட்டிலிருந்து வந்த ஒருவர், படகு இழுக்கிற ஆள், தூண் மாதிரி நிற்கிறார், அவருக்கும் குறைவு. "நல்லாத்தானேங்க இருக்கேன்," என்று கையைப் பார்த்துக்கொண்டார். எனக்கு உறைத்தது. அளவு முன்பே தெரிந்த ரத்தம் ஒன்றைக் குப்பியில் வைத்திருப்போம், அதைக் கன்ட்ரோல் என்போம். காலையில் நோயாளி ரத்தத்தைத் தொடுவதற்கு முன் அதை ஓட்டி, மெஷின் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்று கூட்டத்தில் நான் அதை மறந்திருந்தேன். இப்போது ஓட்டினேன். அதுவும் குறைவு என்றே வந்தது. ஆட்கள் மேல் தப்பில்லை, மெஷின்மேல்தான். அவரிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி உட்காரவைத்தேன்.

ஸ்கூட்டியில் வீடு திரும்பும்போது அரசலாற்றுப் பாலத்தில் சட்டென்று வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்தவர் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார். ஒன்றரை வருடமாக என் கைக்கு நான் கன்ட்ரோல் போட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து, அவர் இல்லாமலே விளையாட்டைத் திறந்தேன். ஓர் ஆட்டத்தில் புகுந்து, ஆட்டக்காரர்கள் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். பெயர், சுட்டது, செத்தது, கடைசியில் தலைப்பில்லாமல் ஓர் எண். மற்றவர்களுக்குப் பதினான்கு, இருபது, பதினெட்டு. எனக்கு நூற்று எழுபத்தொன்று. அந்த எண்ணை நான் முதல் நாளிலிருந்தே பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் பத்து இருபது, எனக்கு மட்டும் நூற்றுச் சொச்சம். அனுபவத்துக்கோ பொறுமைக்கோ தருகிற மார்க் போலிருக்கிறது, ஏதோ ஒன்றிலாவது நான் முன்னால் இருக்கிறேனே என்று சந்தோஷப்பட்டு விட்டுவிட்டேன். இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

தேடிப் படித்ததில் புரிந்தது. நான் இங்கே அழுத்துவது, ஆட்டத்தை நடத்துகிற பாரிஸ் கம்ப்யூட்டருக்கு, அதாவது சர்வருக்குப் போய், அங்கிருந்து பதில் எனக்கு வர ஆகும் நேரம் அது. வினாடியில் ஆறில் ஒரு பங்கு. நெட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது குறையாது, ஏனென்றால் அது தூரம். நான் சுவருக்குப் பின்னால் ஒளிந்தது உண்மை. ஆனால் பாரிசுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை, அங்கே நான் இன்னும் வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று மாதம் பாடுபட்டு நான் குறைத்தது எழுபத்தாறு. தூரம் எடுத்துக்கொண்டது நூற்று எழுபத்தொன்று.

சனிக்கிழமை அறைகளைப் பெருக்கவில்லை. சர்வரை மும்பைக்கு மாற்றி, முன்பின் தெரியாத ஒருவரோடு சேர்ந்து ஆடினேன். அதே கை, அதே மவுஸ், வேறு மெஷின். என் எண் முப்பத்தெட்டு என்று காட்டியது. ஒருவன் மூலையிலிருந்து தலையை நீட்டினான். அழுத்தினேன். அழுத்தியவுடன் விழுந்தான். அழுத்தியவுடன்! மறுபடி ஒருவன், மறுபடி. ஆட்டம் முடிந்தபோது பட்டியலில் என் பெயர் மேலே இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்த ஆறு அறை வீட்டில் அம்மாவின் பழமொழியிடம்தான் சொன்னேன்: கூடம் கோணல்தான்.

ஞாயிறு அவரிடம் கேட்டேன், இன்றைக்கு ஒரு நாள் மும்பை சர்வரில் ஆடலாமா என்று. "எதுக்கு?" என்றார். "ஆசையா இருக்கு," என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. கன்ட்ரோல் போடும்போது மெஷினிடம் விடையைச் சொல்லிவிட்டா போடுவார்கள்?

அவர் செத்தார். எழுந்தார், மறுபடி செத்தார். "நான்தான்டி மொதல்ல சுட்டேன்," என்றார். அடுத்து, "சுவத்துக்குப் பின்னாடி வந்துட்டேனே, எப்படிச் சாவேன்?" என்றார். ஒன்றரை வருடம் நான் சொன்னதை வரி பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரைச் சுட்டவர்களை ஒவ்வொருவராகச் சுட்டுக்கொண்டிருந்தேன். அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. இரண்டாவது ஆட்டம் பாதியில் மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"இந்த சர்வரே சரியில்ல. வா, நம்ம சர்வருக்குப் போயிடலாம்."

"அது உங்க சர்வருங்க."

நான் மேலே சொன்னேன், "நான் ஒன்னர வருஷமா இப்படித்தான் ஆடுறேன். என் பேருக்குப் பக்கத்துல நூத்தி எழுவத்தொன்னுன்னு ஒரு நம்பர் இருக்குமே, நீங்க பாத்ததே இல்லையா?"

"பாத்திருக்கேன்."

"என்னன்னு தெரியுமா?"

"தெரியும். உனக்கும் தெரியும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் ப்ராக்டிஸ் பண்ணு ப்ராக்டிஸ் பண்ணுன்னு சொன்னீங்க? என் கையத்தானே நான் நொந்துக்கிட்டேன்?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? அவ்வளவு தூரம் இருக்கு. அத நான் என்ன பண்ண முடியும்?"

"நீங்க இந்தப் பக்கம் வந்திருக்கலாம்ல. இன்னிக்கு வந்த மாதிரி."

ஹெட்போனில் அவர் அறையின் ஹீட்டர் சத்தம் கேட்டது. "எனக்குத் தோணவே இல்லடி."

அவர் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதில் பொய் இல்லை. கடிகாரம் திரும்பும்போது என் சாப்பாடு நகர்வது அவருக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை மெத்தை தட்டுவது தோன்றவில்லை. பேப்பருக்காகக் காத்திருப்பது என்றால் இங்கே ஒருத்தி ஒவ்வொரு நாளையும் வெட்டவெளியில் நின்று கழிக்கிறாள் என்று தோன்றவில்லை. கெட்ட மனிதர் என்றால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். அன்று நானே முதலில் லைனைத் துண்டித்தேன். மீன் குழம்பு ஆறிக் கிடந்தது. அதை அப்படியே கொல்லைக்கு வரும் பூனைக்கு வைத்தேன்.

அந்த வாரம் அவர் போன் செய்தபோது மூன்று கேள்விக்கும் ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். பொங்கலைப் பற்றியோ கூட வேலை பார்க்கிறவனைப் பற்றியோ அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பதிவேட்டில் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. அலமாரியிலிருந்து கல்யாணப் போட்டோவை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தேன். கை நகர இடம் போதவில்லை, திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தேன். மீன் வாங்கவில்லை. இரண்டரைக்கு மும்பை சர்வரைத் திறந்து வைத்துவிட்டு, அவருக்குச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். வந்தால் வரட்டும், இல்லையென்றால் முன்பின் தெரியாதவரோடு ஆடிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிவைத்திருந்தேன். இரண்டு முப்பத்தெட்டு ஆனது. நாற்பது ஆனது. நாற்பத்தொன்றுக்குப் பட்டியலில் என் பெயருக்குக் கீழே அவர் பெயர் வந்து நின்றது. பக்கத்தில் நூற்று அறுபத்தெட்டு.

இரண்டு பேரும் ஊருக்குள் இறங்கினோம். முதல் தெரு தாண்டுவதற்குள் அவர் செத்தார். எழுந்துவந்து மறுபடி செத்தார். மூன்றாம் முறை எழுந்து, என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கேட்டார், "இதுல மனுஷன் எப்படிடி ஆடுறது?"

"ப்ராக்டிஸ் பண்ணுங்க," என்றேன். "இப்ப என் பின்னாடியே வாங்க."